நிறுத்தப்பட்ட டைவ் வாட்ச்: மதுரைப் பக்கத்துச் சேகரிப்பாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கடல் இல்லாத ஊர் மதுரை. ஆனாலும் கடலில் மூழ்குகிறவர்களுக்காகச் செய்த டைவ் வாட்ச்கள் இங்கே பீரோவுக்குள் கொஞ்சநஞ்சமல்ல. கப்பல் வேலைக்குப் போனவர்கள், துபாய், சவூதி, சிங்கப்பூர் என்று சம்பாதிக்கப் போனவர்கள் வாங்கி வந்தவை அவை. அந்த வீட்டுப் பிள்ளைகளும், புதிதாக இந்த ஆசை பிடித்தவர்களும் என்னிடம் கேட்கிற கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்களில் என் சொந்த அபிப்பிராயமும் உண்டு. பழைய வாட்ச் ஒன்று பாழாவதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது. அதனால் சில இடங்களில் கொஞ்சம் அழுத்தியே சொல்லியிருப்பேன்.

எந்த மாடலை எல்லாம் "நிறுத்தப்பட்டது" என்று சொல்லலாம்? ஐம்பது வருஷம் ஆகியிருக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. கம்பெனி தயாரிப்பை நிறுத்திவிட்டால் போதும். 2020 செப்டம்பரில் ரோலெக்ஸ் தன் டைவ் வாட்சான சப்மரைனரை 41 மில்லிமீட்டர் அளவுக்கு மாற்றியது. அன்றோடு 40 மில்லிமீட்டர் 116610, தேதி இல்லாத 114060, பச்சை டயலோடும் பச்சை பெசலோடும் (கண்ணாடியைச் சுற்றித் திருகும் வளையம்) வந்ததால் 'ஹல்க்' என்று பெயர் வாங்கிய 116610எல்வி எல்லாமே நிறுத்தப்பட்ட பட்டியலில் சேர்ந்துவிட்டன. ரோலெக்ஸின் இன்னொரு டைவ் வாட்சான சீ-டுவெல்லரில் 116600 என்ற மாடல் 2014இல் வந்து 2017இல் போயே போய்விட்டது.

என் வசதிக்கு இவற்றை மூன்றாகப் பிரித்துக்கொள்வேன். பிளாஸ்டிக் கண்ணாடியும், இருட்டில் ஒளிரும் டிரிடியம் மருந்து பூசிய டயலும் உள்ள பழையவை. சஃபையர் கண்ணாடியும் அலுமினிய பெசலும் உள்ள நடுக்காலத்தவை, அதாவது 1990 முதல் 2010 வரை. செராமிக் பெசல் வந்த பிறகு நின்றுபோனவை. வாங்கும்போது எதைப் பார்ப்பது, எதற்குப் பயப்படுவது என்பது இந்த மூன்றிலும் வேறு வேறு.

தயாரிப்பு நின்றுவிட்டால் விலை ஏறிக்கொண்டே போகும் என்கிறார்களே?

அப்படி ஒரு விதியே கிடையாது. விற்கிறவர் சொல்லும் முதல் வாக்கியமும் இதுதான், அதனால் இதில் கவனமாக இருங்கள்.

ரோலெக்ஸ் சப்மரைனர் 16610, 1980களின் கடைசியில் தொடங்கி 2010 வரை ஏறத்தாழ இருபது வருஷம் தயாரானது. அது அபூர்வமான வாட்ச் கிடையாது, நல்ல வாட்ச். அதே கேஸில், அதாவது அதே உலோக உடலில், பச்சை பெசலோடு 2003இல் சப்மரைனரின் 50ஆம் ஆண்டுக்காக வந்த 16610எல்வி 2010 வரைதான் இருந்தது, அதற்குப் போட்டி அதிகம். ஒரே வீட்டுப் பிள்ளைகள், ஒரே மெஷின், விலையில் பெரிய வித்தியாசம். சில மாடல்களோ யாரும் வாங்காததால் நிறுத்தப்பட்டவை. அன்றைக்கு வாங்க ஆள் இல்லாத வாட்சுக்கு இன்றைக்கு மட்டும் கூட்டம் எங்கிருந்து வரும்? சிலவற்றுக்கு வந்திருக்கிறது, பலவற்றுக்கு வரவில்லை.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். 2021இல் செகண்ட் ஹேண்ட் சந்தை தாறுமாறாக ஏறி, 2022 தொடக்கத்தில் உச்சிக்குப் போய், பிறகு நன்றாகவே இறங்கியது. உச்சியில் கடன் வாங்கி வாங்கியவர்கள் பட்ட பாடு சொல்லி மாளாது. வட்டி கட்டி வாட்ச் வாங்காதீர்கள். மாட்டிக்கொள்ள ஆசைப்பட்டு வாங்குங்கள். விலை ஏறினால் சரி, ஏறாவிட்டாலும் வாட்ச் உங்கள் கையில் ஓடிக்கொண்டிருக்கும்.

முதன்முதலாக வாங்குகிறேன். எதில் தொடங்கலாம்?

ஒமேகா சீமாஸ்டர் 2531.80. அலை அலையாகக் கோடு போட்ட நீல டயல், 300 மீட்டர் ஆழம் வரை தாங்கும் உடல், பத்து மணிப் பக்கம் ஹீலியம் வால்வுக்கு (அது எதற்கு என்பது பின்னால் வருகிறது) ஒரு தனிக் குமிழ். 1993இல் வந்து 2000களின் நடுவில் நின்றது. உள்ளே ஓடுகிற 1120 மெஷின் ஈடிஏ என்ற ஸ்விஸ் மெஷின் கம்பெனியின் 2892-ஏ2வை அடிப்படையாகக் கொண்டது. அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த கைகள் தமிழ்நாட்டில் நிறைய உண்டு. ஜேம்ஸ் பாண்டாக நடித்த பியர்ஸ் பிராஸ்னன் 1995இல் கட்டியிருந்தது இதன் பேட்டரி வகையான 2541.80, 1997 முதல்தான் ஆட்டோமேட்டிக் 2531.80. விற்கிறவர்கள் இரண்டையும் 'பாண்ட் வாட்ச்' என்று ஒரே மூச்சில் சொல்வார்கள். நம்பரைப் பார்த்து வாங்குங்கள். விநாடி முள் தத்தித் தத்தி நகர்ந்தால் அது பேட்டரி.

அந்த அளவுக்குப் பணம் போட மனசு வராவிட்டால் சீக்கோ எஸ்கேஎக்ஸ்007 போதும். 1996இல் வந்த மாடல், இப்போது தயாரிப்பில் இல்லை. ஆடம்பர வாட்ச் என்று அதைச் சொல்ல முடியாது. ஆனால் பெசல் எப்படிச் சுற்ற வேண்டும், நேரம் மாற்றுகிற குமிழான கிரவுன் எப்படித் திருகி இறங்க வேண்டும் என்று கைக்குப் பழக்கம் வந்துவிடும். அந்தப் பழக்கம் இல்லாமல் லட்சங்களில் இறங்க வேண்டாம்.

கையில் எடுத்ததும் முதலில் எங்கே பார்க்க வேண்டும்?

கேஸைப் பாருங்கள். டயலின் அழகில் மயங்கும் முன் வாட்சைப் பக்கவாட்டில் திருப்பி, செயின் மாட்டுகிற நான்கு காதுகளையும் ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். 16610ஐ எடுத்துக்கொள்வோம். காதின் மேற்பரப்பு மெல்லிய கோடு கோடாக, பளபளப்பு இல்லாமல் இருக்கும். பக்கச் சுவர் கண்ணாடி மாதிரி இருக்கும். இரண்டும் சந்திக்கிற விளிம்பு நேர்கோடாக, விரலில் தட்டுப்படும்படி கூர்மையாக இருக்க வேண்டும். அந்த விளிம்பு உருண்டு போயிருந்தால் மெஷினில் கொடுத்துப் பாலிஷ் போட்டிருக்கிறார்கள். ஏறத்தாழ 2003க்கு முந்தைய 16610இன் காதுகளில் வெளிப்பக்கம் வரை துளை இருக்கும். துளையின் வாய் புனல் போல விரிந்திருக்கிறதா, துளைக்கும் விளிம்புக்கும் நடுவில் உலோகம் குறைந்திருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். இடது காதும் வலது காதும் ஒரே தடிமனா என்பதை வாட்சைக் கவிழ்த்து வைத்து முதுகுப் பக்கமிருந்து பார்த்தால்தான் தெரியும்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், நம் ஊரில் பாலிஷ் என்பது ஒரு மரியாதை. தெற்கு ஆவணி மூல வீதியில் நகையைக் கொடுத்தால் புதுசு போல மின்ன வைத்துத் தருவார்கள், நாமும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு வருவோம். அதே எண்ணத்தில் வாட்சையும் கொடுத்துவிடுகிறார்கள். கோயில் தூண்களை மணல் வீசிச் சுத்தம் செய்த இடங்களில் என்ன ஆனதோ அதுதான் இதிலும் ஆகிறது. அழுக்கு போகும், கூடவே உளி போட்ட கூர்மையும் போய்விடும். கீறல் விழுந்த ஆனால் விளிம்பு மழுங்காத கேஸ், மின்னுகிற மொழுக்கைக் கேஸைவிட எப்போதும் மேல். இந்த ஒரு விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

டயலில் என்ன பார்ப்பது? "டி" என்ற எழுத்து இருந்தால் நல்லது என்கிறார்கள்.

இருட்டில் ஒளிர்வதற்காகப் பூசுகிற மருந்தைப் பற்றிய குறி அது. 1960களின் தொடக்கம் வரை ரேடியம். அப்புறம் டிரிடியம். 1990களின் கடைசியில் கதிர்வீச்சே இல்லாத லூமினோவா, அதன் பிறகு சூப்பர்-லூமினோவா. டிரிடியம் உள்ள ரோலெக்ஸ் டயலின் அடியில், ஆறு மணிக்குக் கீழே, பொடி எழுத்தில் 'ஸ்விஸ் – டி<25' என்று இருக்கும். ஒமேகாவில் 'டி ஸ்விஸ் மேட் டி'. 1998 வாக்கில் லூமினோவாவுக்கு மாறியபோது ரோலெக்ஸ் கொஞ்ச காலம் வெறும் 'ஸ்விஸ்' என்று மட்டும் அச்சடித்தது. பிறகு 'ஸ்விஸ் மேட்' வந்தது. ஆக அந்த ஒரு வரியைப் படித்தாலே டயல் எந்தக் காலத்தது என்று தெரிந்துவிடும். கேஸின் சீரியல் நம்பர் சொல்லும் வருஷத்தோடு அது ஒத்துப்போகிறதா என்பதுதான் கேள்வி.

டிரிடியத்தின் அரை ஆயுள் 12.3 வருஷம். 1985இல் பூசியது இன்று கிட்டத்தட்ட செத்துவிட்டது. இதை வைத்தே ஒரு சோதனை செய்யலாம். இருட்டறையில் அல்ட்ரா வயலட் டார்ச்சைக் கொஞ்ச நேரம் அடித்து அணையுங்கள். பழைய டிரிடியம் லேசாக மினுங்கி சில விநாடிகளில் அடங்கிவிடும். 'டி' எழுத்துள்ள டயலில் புள்ளிகள் நீண்ட நேரம் பச்சையாக ஒளிர்ந்துகொண்டிருந்தால் யாரோ புதுசாகப் பூசியிருக்கிறார்கள். டயல் அடங்கி முள் மட்டும் ஒளிர்ந்தால் முள்ளை மாற்றியிருக்கிறார்கள்.

நிறத்தையும் பாருங்கள். வயதான டிரிடியம் பாலாடை நிறத்திலிருந்து வெளிர் மஞ்சள், சில சமயம் பழுப்பு வரை போகும். டயலுக்கும் முள்ளுக்கும் தனித்தனியாகப் பூசியதால் சிறு வித்தியாசம் இயல்புதான். எல்லாப் புள்ளியும் அச்சு அசலாக ஒரே தேன் நிறத்தில், கரை ஒழுங்கில்லாமல் இருந்தால் அது செயற்கையாக ஏற்றிய வயது. டீத்தண்ணீர் தொட்டுக் கறை ஏற்றுகிறவர்கள்கூட இருக்கிறார்கள்.

ரேடியம் வாட்ச் என்றால் ஒரு எச்சரிக்கை. அது இன்று ஒளிராது, ஆனால் கதிர்வீச்சு இருக்கும். ரேடியத்தின் அரை ஆயுள் 1600 வருஷம். ஒளிரும் ரசாயனம்தான் தேய்ந்துபோனதே தவிர ரேடியம் அப்படியே இருக்கிறது. ஆசைக்கு எப்போதாவது கட்டிக்கொள்வது வேறு, முதுகைத் திறந்து உதிர்ந்த பொடியை ஊதிச் சுத்தம் செய்வது வேறு. இரண்டாவதைச் செய்யவே வேண்டாம். அந்தத் தூசி மூச்சில் போகக் கூடாது. மெக்கானிக்கிடம் கொடுக்கும்போதும் இது ரேடியம் டயல் என்று சொல்லிக் கொடுங்கள்.

தாத்தாவின் ஃபேவர்-லூபா இருக்கிறது. 'சீ கிங்' என்று போட்டிருக்கிறது. டைவ் வாட்ச்தானே?

இல்லை. சீ கிங், சீ சீஃப் இரண்டும் பெயரில்தான் கடல். நம் வீடுகளில் சாவி கொடுத்து ஓட்டிய அழகான வாட்ச்கள் அவை, ஆனால் தண்ணீருக்கானவை அல்ல. ஃபேவர்-லூபா 1865இலேயே இந்தியாவுக்கு வந்த ஸ்விஸ் கம்பெனி. அதன் உண்மையான டைவ் வாட்ச்கள் 1960களில் வந்த டீப் ப்ளூவும், 1968இல் வந்த பாத்தியும். பாத்தி ஒரு அற்புதம். எவ்வளவு ஆழத்தில் இருக்கிறோம் என்பதை ஒரு முள் காட்டும். கேஸின் முதுகில் உள்ள துளைகள் வழியாகத் தண்ணீர் ஒரு மெல்லிய தகட்டை அழுத்த, அந்த அழுத்தம் முள்ளை நகர்த்தும். மீட்டரில் அளப்பது பாத்தி 50, அடியில் அளப்பது பாத்தி 160.

இந்தியாவில் கிடைக்கும் ஃபேவர்-லூபாவில் டயலை மறுபடி பெயிண்ட் அடித்தது ஏராளம். எழுத்தின் விளிம்பை லென்ஸில் பாருங்கள். ஃபாக்டரி அச்சு கத்தி போல இருக்கும், மறுபூச்சு ஊறிப் பரவியிருக்கும். எழுத்துகளுக்கு இடையே இடைவெளியும் சீராக இருக்காது. அப்புறம், ஃபேவர்-லூபா இப்போது இந்தியர்கள் கையில் இருக்கிறது, டீப் ப்ளூ என்ற பெயரில் புது வாட்ச்களும் வருகின்றன. பழையதுக்குப் பேசிப் புதியதை வாங்கிவிடாதீர்கள்.

தாத்தாவின் சீ கிங்கை மட்டும் விற்க வேண்டாம். சந்தையில் பெரிய விலை போகாது, வீட்டுக்கு அதன் விலை தனி.

டூடர் சப்மரைனர் ஒன்று வந்தது. கிரவுனில் ரோலெக்ஸ் சின்னம். கலப்படமா?

பயப்பட வேண்டாம். டூடர் ரோலெக்ஸின் தம்பி கம்பெனி. 1954இலிருந்து 1990கள் வரை டூடர் சப்மரைனரில் கேஸும் கிரவுனும் ரோலெக்ஸுடையவை, மெஷின் வெளியிலிருந்து வாங்கியது. 79090 மாதிரியான மாடலில் கிரவுனிலும் முதுகு மூடியிலும் ரோலெக்ஸ் முத்திரை இருப்பதுதான் சரி. டயலில் ரோலெக்ஸ் என்று இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். டூடரின் டயலை மாற்றி அண்ணன் பெயரில் விற்கிற வேலை வெகு காலமாக நடக்கிறது.

ஃபர்ஸ்ட் காப்பியைக் கண்டுபிடிப்பது எப்படி?

முழுப் போலியை ஒரு ஒரிஜினலின் பக்கத்தில் வைத்தால் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். பெசல் கிளிக், முள்ளின் ஓரம், தேதிச் சக்கரத்து எழுத்து எல்லாம் பேசும். 16610இல் ஏறத்தாழ 2003 முதல் கண்ணாடியில் ஆறு மணிக்கு மேலே லேசரில் பொறித்த சின்னஞ்சிறு கிரீடம் இருக்கும். 2007 வாக்கிலிருந்து கண்ணாடிக்கும் டயலுக்கும் நடுவில் உள்ள உட்சுவரில் ரோலெக்ஸ் என்று சுற்றிலும் பொறித்திருக்கும். 1995 சீரியலில் இவை இருந்தால் ஏதோ மாற்றம் நடந்திருக்கிறது. கண்ணாடி மட்டும் சர்வீஸில் மாறியிருக்கலாம், அதில் தப்பில்லை, காரணம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எனக்குப் பயம் முழுப் போலியிடம் இல்லை, அசெம்பிள் செய்ததிடம். ஒவ்வொரு பாகமும் ஒரிஜினல், ஆனால் ஒரே வாட்சிலிருந்து வந்தவை அல்ல. 1960களின் ஒமேகா சீமாஸ்டர் 300, அதாவது 165.024, இதற்குப் பேர்போனது. கம்பெனியின் சர்வீஸ் கேஸ், சர்வீஸ் டயல், சர்வீஸ் முள் எல்லாவற்றையும் வாங்கி, மலிவான பழைய ஒமேகா ஒன்றிலிருந்து மெஷினை எடுத்துப் பூட்டியவை உலகம் முழுக்கச் சுற்றுகின்றன. அணிய அருமையான வாட்ச். ஆனால் 1960களில் பிறந்த வாட்ச் அல்ல, அந்த விலையும் அதற்குக் கூடாது. முதுகைத் திறந்து மெஷின் நம்பரையும் கேஸுக்குள் உள்ள மாடல் நம்பரையும் பார்க்காமல் 165.024க்குப் பணம் கொடுக்காதீர்கள். திறக்க விடமாட்டேன் என்கிறவரிடம் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

பாக்ஸும் பேப்பரும் இல்லாவிட்டால் வாங்கலாமா?

வாங்கலாம். துபாய்க் கடையில் 1988இல் வாங்கியவர் அட்டைப்பெட்டியை எதற்கு வைத்திருக்கப் போகிறார்? பாக்ஸும் வாரன்டி அட்டையும் தனியாகவே விற்பனைக்குக் கிடைக்கின்றன. அட்டையின் நம்பரும் கேஸின் நம்பரும் ஒன்றானால் மட்டுமே அதற்குத் தனி விலை. பழைய ரோலெக்ஸில் அந்த நம்பர் ஆறு மணிப் பக்கம் இரண்டு காதுகளுக்கு நடுவே இருக்கும், செயினைக் கழற்றினால்தான் தெரியும்.

பேப்பரைவிட நான் மதிப்பது வாட்ச் வந்த வழியை. யார் வாங்கியது, எந்த ஊரில், எந்தக் கப்பலில் இருந்தபோது, கையில் கட்டிய பழைய போட்டோ இருக்கிறதா? சிவகங்கை, ராமநாதபுரம், கீழக்கரைப் பக்கத்து வீடுகளில் இப்படிப்பட்ட போட்டோக்கள் நிறைய இருக்கின்றன. ஆல்பத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், முடிந்தால் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கையில் மட்டுமே இருந்த வாட்ச் என்று அதைவிட நன்றாகச் சொல்லும் சான்று வேறு இல்லை.

மதுரையில் சர்வீஸுக்குக் கொடுக்கலாமா, சென்னைக்கோ கம்பெனிக்கோ அனுப்ப வேண்டுமா?

எந்த வாட்ச், எந்த வேலை என்பதைப் பொறுத்தது. ஈடிஏ மெஷினையோ சீக்கோவையோ சுத்தம் செய்து எண்ணெய் போட்டு நேரம் சரிசெய்ய, மாசி வீதிகளைச் சுற்றி உள்ள சின்னக் கடைகளில் தங்கமான கைகள் உண்டு. தகரப் பெட்டியும் லென்ஸுமாக உட்கார்ந்திருக்கும் அந்தப் பெரியவர்களிடம் நான் கற்றது அதிகம். ஆனால் டைவ் வாட்சில் மெஷின் பாதி வேலைதான். ரப்பர் வளையங்களை மாற்றி, அழுத்தச் சோதனை செய்தால்தான் வேலை முழுமை. 'பிரஷர் டெஸ்ட் மெஷின் இருக்கிறதா?' என்று முதல் கேள்வியாகக் கேளுங்கள். இல்லையென்றால் மெஷின் வேலையை மட்டும் செய்து வாங்கிக்கொண்டு, அந்த வாட்சைத் தண்ணீர் படாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பெனி சர்வீஸில் வேறு ஒரு ஆபத்து. அவர்களுக்கு வாட்ச் புதுசு போலத் திரும்ப வேண்டும். கேஸைப் பாலிஷ் போடுவார்கள். மங்கிய டயலையும் முள்ளையும் எடுத்துவிட்டுப் புது லூமினோவா டயல் போடுவார்கள். வேலை சுத்தமாகத்தான் இருக்கும், சேகரிப்பாளருக்கு மட்டும் மனசு உடைந்துவிடும். காரைக்குடிப் பக்கம் ஒரு குடும்பம். கப்பலில் இன்ஜினியராக இருந்தவரின் பழைய ரோலெக்ஸ் சப்மரைனர் 5513 அவர்களிடம் இருந்தது. மகன் பாசத்தோடு சர்வீஸுக்கு அனுப்பினார். பளபளவென்று திரும்பி வந்தது. அப்பாவின் கையில் இருந்தபோது பாலாடை நிறமாகியிருந்த அந்த டயல் வரவில்லை. அவர் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

ஆகவே வேலைச் சீட்டில் எழுத்து மூலமாக எழுத வையுங்கள்: பாலிஷ் வேண்டாம், டயல், முள், பெசல் தட்டு, கிரவுன் இவற்றில் எதையும் கேட்காமல் மாற்ற வேண்டாம், மாற்றியே ஆக வேண்டுமென்றால் பழைய பாகம் எங்களுக்குத் திரும்ப வர வேண்டும். ஒப்புக்கொள்ளாவிட்டால் கொடுக்காமல் திரும்பி வந்துவிடலாம். கொடுக்கும் முன் முன்பக்கம், முதுகு, நான்கு காதுகள், நம்பர்கள் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

300 மீட்டர் என்று போட்டிருக்கிறதே, குற்றால அருவியில் நின்றால் என்ன?

300 மீட்டர் என்பது புதிதாக இருந்தபோது. டைவ் வாட்சுக்கான ஐஎஸ்ஓ 6425 என்ற உலகத் தரத்தில், குறித்த ஆழத்தைவிட 25 சதவீதம் கூடுதல் அழுத்தம் கொடுத்துச் சோதிக்கிறார்கள். அந்தத் தாங்கும் சக்தியெல்லாம் ஒன்றிரண்டு ரப்பர் வளையங்களில் நிற்கிறது. முப்பது வருஷத்தில் ரப்பர் விறைத்து வெடித்துவிடும். சோதனை செய்யாத பழைய டைவ் வாட்சை, சாதாரண வாட்ச் என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

குற்றாலத்தில் தண்ணீரைவிட எண்ணெய்தான் எனக்குக் கவலை. எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியில் நின்றால், எண்ணெயும் பாசிப்பருப்பு மாவும் சீயக்காயும் பெசலுக்கு அடியில் போய் அப்பிக்கொள்ளும். கழற்றி வைத்துவிட்டுக் குளியுங்கள். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் நாளும் அப்படித்தான். தண்ணீர் பீய்ச்சுவது ஒரு பக்கம், அந்த நெரிசலில் கண்ணாடி அடிபடுவது இன்னொரு பக்கம். அன்றைக்குக் கையில் எதுவும் வேண்டாம்.

சோதனையில் தேறிய 16610 என்றால் ராமேஸ்வரத்திலோ தூத்துக்குடியிலோ கடலில் தாராளமாக இறங்கலாம். அதற்காகவே பிறந்த வாட்ச் அது. வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, பெசலை ஒரு சுற்றுச் சுற்றிவிடுங்கள். முக்கியமாக, கிரவுன் திருகி இறுகியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் தொட்டுப் பாருங்கள்.

ஹீலியம் வால்வு எதற்கு?

கடலடி அழுத்தத்திலேயே வைத்த அறையில் நாள்கணக்கில் தங்கி, ஆழத்தில் வேலை செய்கிறவர்களுக்கு. அந்த அறையின் காற்றில் ஹீலியம் இருக்கும். அணு மிகச் சிறியது என்பதால் ரப்பரைத் தாண்டி வாட்சுக்குள் புகுந்துவிடும். வேலை முடிந்து அறையின் அழுத்தத்தைக் குறைக்கும்போது, உள்ளே மாட்டிக்கொண்ட வாயு கண்ணாடியைப் பிய்த்துக்கொண்டு வெளியேறப் பார்க்கும். அதை வெளியே விடுகிற வாசல்தான் வால்வு. 1220 மீட்டர் சீ-டுவெல்லர் 16600இல் ஒன்பது மணிப் பக்கம் தானாகத் திறக்கும். சீமாஸ்டரில் கையால் திருகித் திறப்பது. அதைத் திறந்து விளையாட வேண்டாம், மூடாமல் விட்டால் தண்ணீர் புகுவதற்கு ஒரு வழி கூடுதல்.

வெயில், வியர்வை இதெல்லாம் வாட்சைக் கெடுக்குமா?

வியர்வை கெடுக்கும். சித்திரை, வைகாசியில் இங்கே 40 டிகிரியைத் தொடும். வியர்வை உப்பு செயின் கண்ணிகளுக்கு உள்ளேயும், முதுகு மூடி திருகும் மறையிலும் உட்கார்ந்து ஸ்டீலைப் பொடிப்பொடிக் குழியாக அரிக்கும். இரவு ஈரத்துணியால் துடைத்து வையுங்கள். கோயிலுக்குப் போய்விட்டு வந்தால் விபூதியும் சந்தனமும் பெசல் பற்களுக்கு இடையில் சேர்ந்திருக்கும், மெத்தென்ற பிரஷ் போதும். பழைய அலுமினிய பெசலைக் காரின் முன்கண்ணாடிக்குக் கீழே வெயிலில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். நிறம் வெளுத்தது சிலருக்குப் பிடிக்கும், அது தானாக வெளுக்கட்டும்.

பீரோவில் வைப்பதானால் அந்துருண்டை பக்கத்தில் வேண்டாம், அதன் ஆவி சில வகை பிளாஸ்டிக்கை இளக்கும். ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். வாட்ச் திடீரென்று நாளைக்குப் பல நிமிஷம் வேகமாக ஓடினால் ஸ்பீக்கர் காந்தம் ஏறியிருக்கலாம். காந்தம் நீக்கும் கருவி பல வாட்ச் கடைகளில் இருக்கும், ஒரு நிமிஷ வேலை.

பணம், வரி விஷயத்தில் என்ன கவனிக்க வேண்டும்?

ஒரே பரிவர்த்தனையில் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்பது வருமான வரிச் சட்டம். வங்கி வழியாகவே கொடுங்கள். 2025 ஏப்ரல் 22 முதல் 10 லட்சத்துக்கு மேற்பட்ட கைக்கடிகாரத்துக்குக் கடைக்காரர் 1 சதவீதம் டிசிஎஸ், அதாவது விற்கும்போதே வசூலிக்கிற வருமான வரி, பிடிக்கிறார். அது உங்கள் பான் கணக்கில் வரவாகும், கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம்.

வெளிநாட்டில் வாங்கினால் வரும்போது சுங்கத்தில் சொல்லி வரி கட்டி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். இங்கே இருக்கும் வாட்சைக் கட்டிக்கொண்டு துபாய்க்கோ கொழும்புக்கோ கிளம்புகிறீர்களா? போகும்போதே சுங்க அதிகாரியிடம் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிவிட்டால் திரும்பும்போது வாக்குவாதம் இருக்காது.

அப்பாவின் வாட்சுக்கு விலை கேட்கிறார்கள். எவ்வளவு சொல்வது?

முதல் நாள் எதுவும் சொல்ல வேண்டாம். மாடல் நம்பரையும் சீரியல் நம்பரையும் குறித்துக்கொள்ளுங்கள். சீரியல் முழுவதையும் யாருக்கும் போட்டோவில் அனுப்பாதீர்கள், கடைசி மூன்று இலக்கத்தை மறைத்துவிடுங்கள். அதே மாடல் எவ்வளவுக்கு விற்பனைக்கு இருக்கிறது என்று பார்ப்பதைவிட, ஏலங்களில் எவ்வளவுக்கு உண்மையில் விற்றது என்று தேடுங்கள். கேட்கிற விலை வேறு, கைமாறிய விலை வேறு. டயல் மாறியிருந்தால், கேஸ் மழுங்கியிருந்தால், செயின் தொளதொளவென்று தொங்கினால் ஒவ்வொன்றுக்கும் குறையும். எதையும் மறைக்காமல் சொல்லி விற்றால் வாங்கியவர் திரும்ப வந்து நிற்க மாட்டார்.

விற்கும் முன் தயவுசெய்து சுத்தம் செய்யக் கொடுக்காதீர்கள். கீறலோடும் அழுக்கோடும் அப்படியே கொண்டு வந்து காட்டுங்கள். உங்கள் வீட்டுக்கே வந்து 'இன்றைக்கே ரொக்கம் தருகிறேன்' என்று அவசரப்படுத்துகிறவரிடம் ஒரு வாரம் டைம் கேளுங்கள். அந்த வாரத்தில் குறைந்தது இரண்டு பேரிடமாவது காட்டி, முதுகைத் திறந்து மெஷினையும் பார்த்துவிட்டு, அப்புறம் பேசுங்கள்.